ரிசர்வில் ஓடிய வண்டி

என் கணவர் பைக்கில் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்தால் முகத்தை அதன் வாயருகே கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். பிறகு மூடியைச் சாத்துவார். இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுவார். உள்ளே அலம்பும் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எங்கெங்கே போய்வரலாம் என்று சொல்லிவிடுவார். அளவு காட்டும் முள் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே நின்றுவிட்டது. மாற்றிவிடலாமே என்று கேட்டால், "முள்ளு இன்னாத்துக்கு? காது இல்ல?" என்பார்.

நாங்கள் இருப்பது செல்லிப்பட்டுக்குப் பக்கத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். அதை மட்டும் நம்ப முடியாது என்பதால் அவர் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கும் வேலைக்குப் போய்வந்தார். தினமும் போக வர அதே வண்டி. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான் அவருக்குப் பிடித்த பேச்சு. நாற்பதைத் தாண்டி ஓட்டமாட்டார். கியரை மாற்றுவது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்தால் ரயில் எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். பாலத்தின் சரிவில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு இறங்குவார். இப்போதெல்லாம் பெட்ரோலில் எதையோ கலக்கிறார்கள், அதனால்தான் மைலேஜ் அடிபடுகிறது என்று ஒரு குறை வேறு. மழைக்காலத்தில் டேங்கின் மூடி மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைப்பார். தண்ணீர் இறங்கினால் அந்தக் கலவை கெட்டுப்போகும் என்பார்.

நான் வேறு மாதிரி. எனக்குப் பிறந்த ஊர் கரியமாணிக்கம். அப்பாவுக்கு நாங்கள் பெண்கள் மட்டும்தான். ஒரு அறுவடைக் காலத்தில் அப்பா கை உடைந்து படுத்துவிட, களத்துக்கும் வீட்டுக்கும் சோறு கொண்டுபோக ஆள் இல்லாமல் அவருடைய வண்டியை நானே எடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை என்பதால் மெதுவாக ஓட்டவும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய வண்டியை எடுக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான். "நீ ஓட்னா டேங்கு ரெண்டு நாள் முன்னாடியே காஞ்சிபூடுது" என்பார். வண்டியின் சாவியை ஆணியில் சத்தமாக மாட்டுவேன்.

அந்த வருடம் புயல் எங்கள் பக்கமாகத்தான் கரையேறியது. ஒரு பகலும் ஓர் இரவும் காற்று. அதற்குப் பிறகு நின்று நிதானமாகப் பெய்த மழை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது ஆறு ஏற்கெனவே கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தரைப்பாலத்தைக் காணோம். பாலம் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. தாழ்வாக இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நிறுத்திவைத்திருந்த வண்டிகள் சீட்டு வரைக்கும் முழுகிக் கிடந்தன. எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்ததால் எங்கள் வண்டி தப்பியது.

கரண்ட் இல்லை. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லாததால் பக்கத்திலிருந்த பெட்ரோல் பங்க்குகள் எதுவும் ஓடவில்லை. வில்லியனூரில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒரு பங்க்கில் மட்டும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் கணவர் போனார். வரிசை ரோட்டைத் தாண்டி வளைந்து நின்றதாம். திரும்பி வந்துவிட்டார்.

"போடாம ஏன் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"க்யூல ஸ்டார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணி நவுத்தறதுலயே பாதி தீந்துரும். தண்ணி வடியட்டும். ரிசர்வ்ல விழுந்து கொஞ்ச தூரந்தான் ஆச்சி. ஒரு தடவ வில்லியனூர் போவற அளவுக்கு இருக்கு."

அதுவும் அப்படியே இருக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரத் தம்பி, எங்களைவிட வயதில் சின்னவர், தண்ணீரில் மூழ்கிய நாற்றங்காலைக் காப்பாற்ற தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் என்ஜின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். என்ஜின் இருந்தது, அதற்கு ஊற்ற ஒன்றும் இல்லை. கேட்டு வந்து நின்றபோது என் கணவர் யோசிக்கவே இல்லை. டியூபைக் கழற்றிக் கொஞ்சம் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். பிறகு வழக்கம்போல வண்டியை ஆட்டிப் பார்த்தார். சத்தம் எனக்கே கேட்கவில்லை. "போதும். பங்க் வரைக்கும் ஓட்டிக்கலாம், மெதுவா போனா" என்றார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் மோட்டார் கொட்டகையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிலத்துக்குப் போனார். கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்ததால் மகள் வீட்டில் இருந்தாள். அவளும் நானும் ஈரமாகிப்போன அரிசியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தோம். அவர் திரும்பி வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். இடது கையை வலது கையால் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். வழுக்கி விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வாசலில் வந்து உட்கார்ந்தார். "பயப்படாத. பாம்பு கடிச்சிட்ச்சி" என்றார்.

கொட்டகையில் கரும்பிலிருந்து உரித்த ஈரச் சோகை குவிந்து கிடந்திருக்கிறது. கையால் அள்ளி வெளியே போட்டபோது கட்டைவிரலுக்குக் கீழே பிடித்துவிட்டது. தண்ணீருக்குப் பயந்து மேட்டைத் தேடி வந்து ஒதுங்கியிருந்த பாம்பு.

"இன்னா பாம்புன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். படம் எடுத்துச்சி."

கை லேசாக வீங்கத் தொடங்கியிருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. கயிறு எடுத்து மேலே இறுக்கிக் கட்டலாம் என்று நான் எழுந்தபோது மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கட்டக்கூடாதும்மா. கைய ஆட்டாம வச்சாப் போதும்" என்றாள். அவர் விரலில் இருந்த மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள். கரும்புத் துண்டு ஒன்றைக் கையோடு சேர்த்து வைத்துத் துண்டால் சுற்றினாள். அவள் குரல் நடுங்கவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். இரண்டு முறை சிக்னல் போய், மூன்றாவது முறை கிடைத்தது. வண்டி திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும், வழியில் புளியமரம் விழுந்து கிடக்கிறது, வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், எப்படியும் வந்துவிடுவோம் என்றார்கள். எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஊரில் இருந்த டிராக்டர்கள் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டன. ஆண்களில் பெரும்பாலோரும் அங்கேதான். பக்கத்து நிலத்துக்காரத் தம்பி சத்தம் கேட்டு ஓடிவந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, அந்த என்ஜின்ல பெட்ரோல் மிச்சம் இருக்கா?"

"ஓடித் தீந்துட்ச்சிக்கா. ராத்திரியே நின்னுபோச்சி." சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. காத்திருந்தால் ஆம்புலன்ஸ் வரலாம், வராமலும் போகலாம். வண்டி எங்கே நின்றாலும், அதுவரைக்குமாவது பாண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டே போயிருப்போம்.

ஆம்புலன்ஸ் வந்தால் விவரம் சொல்ல வாசலிலேயே இருக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். தம்பி அவரைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தார். மகள் பின்னால் ஏறி, அவர் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். என் பழைய புடவையால் தம்பி எங்கள் மூன்று பேரையும் சேர்த்துக் கட்டினார். கடிபட்ட கை எனக்கும் அவருக்கும் நடுவில், என் முதுகில் பட்டபடி இருந்தது. அது சுடுவது ரவிக்கை வழியாகத் தெரிந்தது.

கிளம்பிய உடனே கையை முறுக்கினேன். வண்டி துள்ளி ஓடியது. தரைப்பாலம் இருந்திருந்தால் நேரே அக்கரைக்குப் போயிருக்கலாம். இப்போது சுற்றிக்கொண்டு பத்துக்கண்ணு வழியாக வில்லியனூர் போய், அங்கிருந்து பாண்டி. நினைத்தாலே தூரமாக இருந்தது.

"ஏய்" என்றார் காதருகே. "நாப்பதுக்கு மேல போவாத."

"சும்மா இருங்க."

"சொல்றதக் கேளு. மூணு பேரு கீறோம். நீ முறுக்குனா ஊசுட்டேரி கிட்டயே நின்னுரும். நாப்பதுல போனா வில்லியனூர் பாலத்தத் தாண்டலாம்."

மெதுவாகப் போனால் விஷம் முந்திக்கொள்ளும். வேகமாகப் போனால் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நிற்போம். இரண்டில் எது முதலில் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பெட்ரோல் எவ்வளவு தூரம் வரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த வண்டியை அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. கையைத் தளர்த்தினேன். அப்படி ஓட்டுவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரோட்டோரத்து மரங்கள் நகரவே இல்லை போலிருந்தது. சைக்கிளில் போன ஒருவரை முந்துவதற்குக்கூட நெடுநேரம் ஆனது. உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது, கை மட்டும் அசையாமல் இருந்தது.

கொஞ்ச தூரத்தில் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடியது. இரண்டு பக்கமும் கரும்பு சாய்ந்து கிடந்ததால் ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. நடுவில் யாரோ ஒரு மூங்கில் கொம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டுவைத்திருந்தார்கள். நான் பிரேக்கைப் பிடித்தேன்.

"நிக்காத" என்றார். "ஃபர்ஸ்ட்ல போடு. கிளட்ச்ச பாதி புடி. ஆக்ஸிலேட்டர மட்டும் எறக்காத. எறக்குனா சைலன்சர்ல தண்ணி பூந்துரும்."

"பெட்ரோலு?"

"ஆவட்டும். முறுக்கு."

வண்டி கதறிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. முன்சக்கரம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. தண்ணீர் என் முழங்காலை நனைத்தது, வேகமாக ஒரு பக்கமாகத் தள்ளியது. அடியில் ஒரு கல்லில் ஏறி வண்டி சாய்ந்தபோது மகள் "அம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். காலை ஊன்றி நிமிர்த்தினேன். சரம் சரமாகக் குப்பை காலில் வந்து சுற்றியது. அதில் ஏதோ வழவழவென்று பட்டதும், இதுவும் பாம்புதான் என்று என் மனது சொன்னது. குனிந்து பார்க்கவில்லை. சிவப்புத் துணியை மட்டும் பார்த்துக்கொண்டே அக்கரை ஏறினேன்.

மேட்டுக்கு வந்து கியரை மாற்றியபோதுதான் அவர் பேசவில்லை என்று கவனித்தேன். அவருடைய தாடை என் தோளில் கனமாக இறங்கியிருந்தது.

"இன்னாங்க?"

"ம்."

"இன்னா பண்ணுது?"

"ரோடு ரெண்டா தெரீது." வார்த்தை குழைந்து வந்தது, நாக்கில் சூடு பட்டவர் பேசுவது போல.

மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா கண்ணைத் தொறக்கவே மாட்டேங்கறாரு. தொறக்கச் சொன்னா இமை பாதியிலயே நிக்கிது."

தூங்கவிடக்கூடாது என்று நினைத்தேன். அது தூக்கம் இல்லை, விஷம் தசைகளை ஒவ்வொன்றாகக் கட்டுகிறது என்பதெல்லாம் பிறகுதான் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எதற்குப் பதில் சொல்வார் என்று யோசித்தேன்.

"இப்ப எவ்ளோ இருக்கும் டேங்குல?"

பதில் வரத் தாமதமானது. "ஒரு... டம்ளரு."

"அதுல எவ்ளோ தூரம் போவும்?"

"பத்துக்கண்ணு... தாண்டும்."

"இதே மூணாவது கியர்ல போவட்டுமா, நாலுல போடட்டுமா?"

"நாலு" என்றார். பிறகு, "இழுக்கலன்னா... மூணு."

இப்படியே கேட்டுக்கொண்டு போனேன். டயரில் காற்று போதுமா, சோக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, வெயில் வந்தால் மைலேஜ் கூடுமா. இத்தனை வருடங்களில் அவரிடம் ஒரு முறைகூடக் கேட்காத கேள்விகள். ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடச் சின்னதாக வந்தது. கடைசியில் முனகல் மட்டும். என் தோளில் ஏதோ ஈரமாக வழிந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் அவர் வாயிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

மகளின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"ஆம்புலன்ஸா இருக்கும்மா" என்றாள். "எடுக்கட்டுமா?"

"கைய வுடாத."

"வுடல. எடுக்கட்டுமான்னுதான் கேட்டேன்."

"வாணாம். அப்பாவப் புடி."

போன் ரொம்ப நேரம் அடித்தது. அது நின்ற பிறகுதான் நான் செய்தது சரியா தப்பா என்ற பயம் பிடித்துக்கொண்டது. மரத்தை வெட்டி முடித்திருப்பார்களோ? எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்களோ? திரும்பிவிடலாமா? திரும்பினால் அந்தத் தண்ணீரை மறுபடியும் தாண்ட வேண்டும். அதற்குப் பெட்ரோல் போதாது. அந்த ஒரு கணக்கு மட்டும் எனக்கே தெரிந்தது.

பத்துக்கண்ணைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு முறை இழுத்து விட்டது. பிறகு நெஞ்சடைத்தவர் போல விக்கி விக்கி நின்றது. என் கை தானாகவே டேங்குக்குக் கீழே போய் ரிசர்வ் திருகைத் தேடியது. அது ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது.

எங்களைச் சுற்றி யாரும் இல்லை. ஒரு பக்கம் ஊசுட்டேரி, எல்லை தெரியாமல் விரிந்து கிடந்த தண்ணீர். இன்னொரு பக்கம் விழுந்த மரங்கள். என்ஜின் நின்றதும்தான் அவருடைய மூச்சு கேட்டது. நீளமாக இழுத்து, நடுவில் நின்று, பிறகு மறுபடியும் வந்தது. நின்ற அந்த நேரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடியது போலிருந்தது.

டேங்கு நடுவில் வளைந்திருக்கும், கடைசிச் சொட்டுகள் வலப்பக்கக் குழியில் தங்கிவிடும், வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்தால் திருகு இருக்கும் பக்கத்துக்கு வந்துவிடும் என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தார். அவரோடு சேர்த்து வண்டியைச் சாய்க்க முடியாது. முடிச்சை அவிழ்த்தேன். மகளும் நானும் அவரை இறக்கி ரோட்டோரத்துக் கல்லில் சாய்த்து உட்கார வைத்தோம். தலை நிற்கவில்லை. மகள் மண்டியிட்டு அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். நான் வண்டியைக் கிட்டத்தட்டத் தரையைத் தொடும்வரை சாய்த்தேன். கீழே விட்டுவிட்டால் இருக்கிற சொட்டும் மூடி வழியாகக் கொட்டிவிடும் என்று பயம். நிமிர்த்தி உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தேன். பிறகு எத்தனை முறை உதைத்தேன் என்று தெரியாது. புகையும் இருமலுமாக அது உயிர்பெற்றது.

அவரை மறுபடியும் ஏற்றுவது இறக்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒத்துழைக்காத உடம்பு எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கட்டிக்கொண்டு கிளம்பினோம். இப்போது நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என் முதுகில் அவர் மார்பு ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டு ஓட்டினேன். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் அந்த அசைவு அவருடையதா, வண்டியுடையதா என்று குழம்பியது.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் வண்டி நின்றது. இந்த முறை விக்கல்கூட இல்லை. சாய்த்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை என்று எனக்கே தெரிந்தது. உருண்ட வேகத்தில் ஓரம் கட்டினேன்.

ஒரு கார் வந்தது. கை காட்டினேன். மெதுவாகி, எங்களைப் பார்த்துவிட்டு, விலகிப் போனது. மூன்று பேர் புடவையால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ. அடுத்து ஒரு டெம்போ. அதுவும் நிற்கவில்லை. நான் முடிச்சை அவிழ்த்து, மகளோடு சேர்ந்து அவரை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லில் சாய்த்துவிட்டு, ரோட்டின் நடுவில் போய் நின்றேன். இனி வருவது நிற்கட்டும், இல்லையென்றால் என் மேல் ஏறட்டும் என்று இருந்தது. அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஓரத்தில் நின்றுகொண்டு அவர் மூச்சைக் கேட்க என்னால் முடியவில்லை.

வந்தது ஒரு லாரி. மின்கம்பங்களும் கம்பிச் சுருள்களும் ஏற்றியிருந்தது. சாய்ந்த கம்பங்களை நட வெளியூரிலிருந்து வந்திருந்த மின்சாரத் தொழிலாளர்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டத்தான் வாயைத் திறந்தார். கல்லோரமாக மகள் அவரைத் தாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்னம்மா ஆச்சு?"

"பாம்பு. நல்ல பாம்பு." அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

"ஏ, முன்னாடி சீட்ட காலி பண்ணுங்கப்பா" என்று அவர் திரும்பிச் சத்தம் கொடுத்தார். நான்கைந்து பேர் குதித்தார்கள். ஒருவர் என் கணவரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டார். என்னை நடுவில் உட்காரச் சொல்லி, அவர் தலையை என் மடியில் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். எச்சில் உள்ளே போகாமல் வெளியே வழிய வேண்டும் என்று அவர்களில் மூத்த ஒருவர் சொன்னார். மகள் பின்னால் கம்பங்களுக்கு நடுவே ஏறிக்கொண்டாள். வண்டியைப் பூட்டவில்லை. சாவி அதிலேயே தொங்கியது.

லாரி போன வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. வில்லியனூர்த் தேரடி போனது தெரியவில்லை, பாலம் போனது தெரியவில்லை. ஹாரனில் வைத்த கையை டிரைவர் எடுக்கவே இல்லை. நான் என் கணவரின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் விரலில் காற்றுப் படவில்லை. கன்னத்தில் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கல்யாணம் ஆனதிலிருந்து நான் கூப்பிடாத பெயரை. மெல்லிசாக ஒரு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு இளம் பெண் டாக்டர் வெளியே வந்தார். வாய் வழியாகக் குழாய் போட்டு மிஷினில் மூச்சு விட வைத்திருக்கிறோம், விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்றார்.

"பொழைச்சிருவாராம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

"இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா கஷ்டம். இப்ப மருந்து வேலை செய்யணும். பாப்போம்மா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் பயம் இன்னும் கூடியது.

அன்று பகல் முழுவதும் அந்த வராந்தாவில் மகளும் நானும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் துணியில் சேறு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். எங்களைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஒரு முறை உள்ளேயிருந்து வேறொரு குடும்பத்தைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்கள். அந்த அம்மாள் அப்படியே தரையில் சரிந்தார். அடுத்தது நான்தான் என்று நினைத்துவிட்டேன்.

சாயந்திரம் எங்களை உள்ளே விட்டார்கள். அவர் கண்கள் மூடியே இருந்தன. காலைத் தொட்டுப் பேசச் சொன்னார் நர்ஸ். "நாங்க வந்துட்டோம்" என்றேன். கால் கட்டைவிரல் அசைந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அசைந்தது. மகள் அப்போதுதான் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல்.

இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகும் கைக்கு ஆபத்து நீங்கவில்லை. கடித்த இடத்தைச் சுற்றித் தோல் கறுத்து அழுகியது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டைவிரல் இப்போதும் முழுதாக மடங்காது.

பக்கத்து நிலத்துக்காரத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாங்கள் கிளம்பிப் போய் ரொம்ப நேரத்துக்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது என்றார். போன் செய்தது மரத்தடியிலிருந்துதானாம், இன்னும் வெட்டி முடியவில்லை என்று சொல்வதற்கு. அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அன்று வாசலில் சாவியை எடுக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்றுவரை எழுந்து போகவில்லை.

வண்டியைத் தேடி அந்தத் தம்பியோடு ஏரிக்கரைக்குப் போனேன். திருடு போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அன்று என் கண்ணில் படாத ஒரு வீடு, வாசல் மேல் சின்னதாக ஒரு மாதா படம். அந்த வீட்டு அம்மாள் வண்டியை உள்ளே தள்ளிவைத்துத் தார்ப்பாயால் மூடியிருந்தார். "சாவியோட நின்னுச்சி. யாரோ இன்னா அவசரமோன்னு எங்க வூட்டுக்காரரு தள்ளிக்கினு வந்தாரு" என்றார். நான் நடந்ததைச் சொன்னதும், இப்போது என் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். தம்பி பெட்ரோல் ஊற்றினார். நான் ஏறி உட்கார்ந்து உதைக்கக் காலைத் தூக்கினேன். அன்றைக்கு ஆடாத உடம்பு, எல்லாம் முடிந்த பிறகு, பயப்பட எதுவுமே இல்லாத அந்த வாசலில் ஆடியது. அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். நான் இறங்கிவிட்டேன். தம்பிதான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அவர் கம்பெனிக்குப் போவதில்லை. இடது கையால் கிளட்சை நெடுநேரம் பிடிக்க முடியாது. நிலத்தோடு சரி. டேங்கை நான்தான் நிரப்புகிறேன், எப்போதும் கழுத்து வரைக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த ஐப்பசியிலும் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நேற்று காலை மழை விட்டதும் முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் தடியோடு நிலத்துக்குக் கிளம்பினார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது மகள். போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கரும்பு அவரைக் கூப்பிடுகிறது, வயலில் நிற்கிற தண்ணீரை யாராவது வடித்துவிட வேண்டும். வரப்பு திரும்புகிற இடம்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். உலை கொதித்தது, அரிசியைப் போட்டேன், சோற்றை வடித்தேன். அவர் வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்கிறவரைக்கும் நான் உட்காரவில்லை.